அமெரிக்கக் கல்லூரி 'வெயிட்லிஸ்ட்' என்று சொல்லிவிட்டதா? மார்ச் முதல் ஆகஸ்ட் வரை என்ன செய்ய வேண்டும்: முழுமையான வழிகாட்டி

மார்ச் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிகளின் முடிவுகள் வந்துவிடும். கல்லூரியின் போர்ட்டலை (விண்ணப்ப நிலையைக் காட்டும் இணையப் பக்கத்தை) திறந்தால் 'வா' என்றும் இல்லை, 'இல்லை' என்றும் இல்லை. உன்னைக் காத்திருப்புப் பட்டியலில் வைக்கிறோம், அதில் இருக்க விருப்பமா என்று கேட்டிருப்பார்கள். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. என் மகளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு கல்லூரிகளிலிருந்து இந்தப் பதில் வந்தது. அதற்குப் பிறகு நியூ ஜெர்சியில் எங்களைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும், சென்னை, கோவையிலிருந்து விண்ணப்பித்த சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். அதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பட்டியல் என்னவென்று புரிய வேண்டும்

நமக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்றாலே ரயில் டிக்கெட்தான் நினைவுக்கு வரும். டபிள்யூ.எல். 23 என்றால் நமக்கு முன்னால் 22 பேர். யாராவது கேன்சல் செய்தால் நம்பர் முன்னேறும், ஆர்.ஏ.சி. ஆகும், சார்ட் போட்டதும் முடிவு தெரிந்துவிடும். அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங் பார்த்து வளர்ந்தவர்களுக்கும் கட்-ஆஃப், தரவரிசை, முறை என்ற கணக்குதான் மனதில் இருக்கும். அதனால் பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி, "எங்கள் பையன் எத்தனையாவது இடத்தில் இருக்கிறான்?"

பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. அது ஒரு கிடங்கு மாதிரி. 1,500 மாணவர்கள் வேண்டும் என்று நினைக்கும் கல்லூரி 1,500 பேருக்கு மட்டும் இடம் கொடுத்தால் வகுப்பு நிறையாது. அழைத்தவர்களில் பலர் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று முந்தைய வருடங்களை வைத்துக் கணித்து, அதற்கேற்பக் கூடுதலாக அழைக்கிறார்கள். கணிப்பு தவறி ஆள் குறைந்தால் கிடங்கிலிருந்து எடுப்பார்கள். அப்போதும் வரிசைப்படி எடுக்க மாட்டார்கள், எங்கே ஓட்டை விழுந்திருக்கிறதோ அதற்கேற்ற ஆளைத்தான் எடுப்பார்கள். இயற்பியலுக்கு ஆள் குறைந்திருக்கலாம், ஏதோ ஒரு மாநிலத்திலிருந்து யாருமே வராமல் போயிருக்கலாம், இசைக்குழுவில் செல்லோ வாசிக்க ஆள் இல்லாமல் இருக்கலாம். உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவனுடைய தகுதிக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. இதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பதினேழு வயதில் அது தானாகப் புரியாது.

படி 1: கடிதத்தை இரண்டு முறை படியுங்கள்

டிசம்பரில், முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பதிலாக வருவது 'டிஃபர்'. உன் விண்ணப்பத்தை மற்றவர்களோடு சேர்த்து மார்ச்சில் மறுபடி பார்க்கிறோம் என்று அதற்குப் பொருள். மார்ச்சில் வருவதுதான் வெயிட்லிஸ்ட். இரண்டையும் குழப்பிக்கொண்டால் அறிவுரைகளும் குழம்பிவிடும்.

கடிதத்தில் மூன்று விஷயங்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: பட்டியலில் இருக்கச் சம்மதம் சொல்லக் கடைசி நாள், கூடுதல் கடிதமோ மார்க்கோ அனுப்பலாமா, அனுப்பலாம் என்றால் எந்த வழியில். சம்மதம் சொல்லாவிட்டால் தானாகவே பெயர் நீங்கிவிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் அந்தக் கடைசி நாள் வழக்கமாக ஏப்ரல் 15. ஒரு வளாகத்துக்குச் சொன்ன சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

படி 2: கையில் இருக்கும் கல்லூரியை உறுதி செய்யுங்கள்

வெயிட்லிஸ்ட்டுக்கான எந்த வேலையையும் தொடங்கும் முன் இதை முடிக்கச் சொல்வேன். பல குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. ஏப்ரல் முழுக்கக் கிடைக்காத கல்லூரிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, கிடைத்த கல்லூரிகளில் எது நல்லது என்று ஏப்ரல் 29-ஆம் தேதி இரவு உட்கார்ந்து யோசிக்கிறார்கள்.

அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பதில் சொல்லக் கடைசி நாள் மே 1. வெயிட்லிஸ்ட் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் நகரும். ஆகவே மே 1-க்குள் ஒரு கல்லூரியில் டெபாசிட் கட்டியே ஆக வேண்டும். சில நூறு டாலர் இருக்கும். பின்னால் வேறு இடம் கிடைத்து மாறினால் பெரும்பாலும் திரும்ப வராது. அந்தத் தொகையை இப்போதே செலவாகக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

ஒரு கல்லூரியில் டெபாசிட் கட்டிவிட்டு இன்னொன்றின் காத்திருப்புப் பட்டியலில் இருப்பதில் தவறு எதுவும் இல்லை. எல்லாக் கல்லூரிகளும் அதை எதிர்பார்த்தே நடந்துகொள்கின்றன. இரண்டு கல்லூரிகளில் ஒரே நேரத்தில் டெபாசிட் கட்டி வைப்பதுதான் தவறு. தெரிந்தால் இரண்டுமே இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு பிள்ளைக்குப் போக வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் நினைக்க வேண்டும்.

டெபாசிட் கட்டியதோடு நிற்காமல் விடுதிப் படிவத்தை நிரப்புங்கள், அந்தக் கல்லூரியின் புதிய மாணவர் குழுவில் சேரச் சொல்லுங்கள், பாடங்களின் பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். அங்கேதான் போகப் போகிறோம் என்று நினைத்தே எல்லாவற்றையும் செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பட்டியலில் இருக்க வேண்டுமா? எண்களைப் பாருங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் பல, 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை வருடாவருடம் வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு இந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி2 என்ற பகுதியில் மூன்று எண்கள் இருக்கும்: எத்தனை பேருக்கு வெயிட்லிஸ்ட் இடம் தந்தார்கள், அதில் எத்தனை பேர் சம்மதித்தார்கள், கடைசியில் எத்தனை பேரைச் சேர்த்தார்கள். மூன்றாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். முதல் எண்ணால் வகுத்தால் தவறான கணக்கு வரும், ஏனென்றால் பலர் சம்மதமே சொல்வதில்லை. பட்டியல் தரவரிசைப்படி உள்ளதா என்ற கேள்விக்கும் அதே பகுதியில் பதில் இருக்கும்.

ஒரு வருடத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், நான்கைந்து வருடங்களைப் பாருங்கள். 2020-இல் கொரோனா வந்து, யார் வருவார்கள் யார் வரமாட்டார்கள் என்றே தெரியாத நிலையில், ஸ்டான்ஃபோர்டு தன் பட்டியலிலிருந்து 259 பேரை எடுத்தது. அதை வைத்து அடுத்த வருடம் நம்பிக்கை வளர்த்தவர்கள் ஏமாந்தார்கள், எண் பல மடங்கு சுருங்கிவிட்டது. மிகப் பெயர்பெற்ற கல்லூரிகளில் ஒருவரைக்கூட எடுக்காத வருடங்களும் உண்டு.

பொதுவான அளவு தெரிய வேண்டுமென்றால், கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கமான நாக்காக் 2018 சேர்க்கையைப் பற்றி வெளியிட்ட கணக்கு உதவும். பட்டியலில் இருக்கச் சம்மதித்தவர்களில் சராசரியாக 20 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. விண்ணப்பித்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களையே எடுக்கும் கல்லூரிகளில் அது 7 சதவீதம்தான். பெயர்பெற்ற கல்லூரிகள் எல்லாம் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் வரும்.

எண் சிறியதாக இருக்கிறது என்பதற்காக விலக வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஜூன் 20-ஆம் தேதி அழைப்பு வந்தால், அப்போதும் நீ அங்கே போவாயா? யோசித்துப் பார்த்துவிட்டு, 'மாட்டேன்' என்று என் மகள் ஒரு கல்லூரியைப் பற்றிச் சொன்னாள். அன்றைக்கே அந்தப் பட்டியலிலிருந்து விலகினாள். வீட்டில் பாதிப் பாரம் அன்று இறங்கியது.

படி 4: பணத்தைப் பற்றி இப்போதே கேளுங்கள்

நம் குடும்பங்கள் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுவது இதைத்தான். பொதுச் சேர்க்கையில் குடும்பத்தின் பணவசதியைப் பார்க்காத கல்லூரிகளிலும் சில, வெயிட்லிஸ்ட்டிலிருந்து எடுக்கும்போது பார்க்கும். உதவித்தொகைக்கான பணம் மே மாதத்துக்குள் பெரும்பாலும் செலவாகியிருக்கும். தகுதி அடிப்படையிலான ஸ்காலர்ஷிப் அநேகமாக மிச்சம் இருக்காது.

நிதியுதவி அலுவலகத்துக்கு மாணவரே ஒரு சின்ன மெயில் அனுப்பலாம்: பட்டியலிலிருந்து சேர்க்கப்படுபவர்களுக்கு உதவித்தொகை உண்டா, சர்வதேச மாணவருக்கும் உண்டா, என் படிவங்கள் எல்லாம் முழுமையாக இருக்கின்றனவா. அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. என்ற அரசு நிதியுதவிப் படிவத்தை முடித்திருக்க வேண்டும்; பல தனியார் கல்லூரிகளுக்கு குடும்பத்தின் பணநிலையைக் கேட்கும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற படிவமும் தேவை. அழைப்பு வந்த பிறகு இவற்றை நிரப்ப உட்கார்ந்தால் பதில் சொல்வதற்கான கெடு முடிந்துவிடும்.

கையில் உள்ள கல்லூரி வருடத்துக்கு 20,000 டாலர் ஸ்காலர்ஷிப் தருகிறது, வெயிட்லிஸ்ட் கல்லூரி ஒன்றும் தராது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடத்தில் 80,000 டாலர் வித்தியாசம். இந்தப் பேச்சை ஏப்ரலில், அமைதியாக இருக்கும்போது பேசுங்கள். அழைப்பு வந்த சந்தோஷத்தில் பேசினால் நியாயமான முடிவு வராது.

படி 5: ஒரே ஒரு கடிதம்

கூடுதல் தகவல் வேண்டாம் என்று கல்லூரி சொல்லியிருந்தால் எதுவும் அனுப்பக் கூடாது. அதற்குக் கீழ்ப்படிவதும் ஒரு பதில்தான். அனுப்பலாம் என்றால், தொடர்ந்து விருப்பம் இருப்பதைத் தெரிவிக்கும் கடிதம் ஒன்றை எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. போர்ட்டலில் பெட்டி இருந்தால் அதில். இல்லையென்றால் உங்கள் பகுதியைக் கவனிக்கும் சேர்க்கை அதிகாரிக்கு மெயிலில். ஏப்ரல் நடுவுக்குள் அனுப்பிவிடுவது நல்லது.

கடிதத்தை மாணவர்தான் எழுத வேண்டும். பெற்றோர் எழுதியது படிப்பவருக்கு இரண்டு வரியில் தெரிந்துவிடும். பெற்றோர் அலுவலகத்துக்குப் போன் செய்வதும் உதவாது. நான் ஒரு முறை செய்தேன். எதிர்முனையில் இருந்த பெண் மிகுந்த மரியாதையோடு, "உங்கள் மகளையே எழுதச் சொல்லுங்கள்" என்றார்.

முதல் பத்தியில் நேராக விஷயத்துக்கு வர வேண்டும். நான் இந்தப் பட்டியலில் இருக்க விரும்புகிறேன். இடம் கொடுத்தால் கட்டாயம் சேருவேன். இந்த இரண்டாவது வாக்கியம் கனமானது. எடுக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டியதே அதுதான், கூப்பிட்டால் வருவாரா என்பது. அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுத வேண்டும், ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் எழுத வேண்டும். மற்றக் கல்லூரிகளுக்கு, தொடர்ந்து மிகுந்த விருப்பம் இருக்கிறது என்று சொன்னால் போதும்.

அடுத்தது, விண்ணப்பம் அனுப்பிய பிறகு என்ன புதிதாக நடந்தது என்பது. இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஜனவரியில் விண்ணப்பித்தவர் மார்ச்சுக்குள் நோபல் பரிசா வாங்கியிருக்க முடியும்? பெரிய விஷயம் வேண்டாம், உண்மையான விஷயம் போதும். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு தருகிறேன். 'உங்கள் கல்லூரி என் நெடுநாள் கனவு, அங்குள்ள உலகத்தரம் வாய்ந்த பேராசிரியர்களிடம் கற்க ஆவலாக இருக்கிறேன்' என்று எழுதினால் படிப்பவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதையே இப்படிப் பாருங்கள்: 'பிப்ரவரியிலிருந்து ஞாயிறுதோறும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பறவைகளைக் கணக்கெடுக்கிறேன். நீர்மட்டம் குறைந்தால் நாரைகள் குறையும் என்று என் விண்ணப்பக் கட்டுரையில் எழுதியிருந்தேன். எட்டு வாரக் கணக்கு அதற்கு எதிராக இருக்கிறது, ஏன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.' இந்தப் பிள்ளையை யாருக்கும் மறக்காது.

மூன்றாவது, அந்தக் கல்லூரி ஏன். பெயரையும் தரவரிசையையும் புகழ வேண்டாம். எந்தப் பாடம், எந்த ஆய்வகம், எந்தத் திட்டம், அதை இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையோடு எப்படிச் சேர்ப்பேன் என்று இரண்டு மூன்று வாக்கியங்கள். பழைய கட்டுரையில் எழுதியதைத் திரும்ப எழுதக் கூடாது. அது அவர்கள் கையில் இருக்கிறது. புலம்பலோ, 'என்னை ஏன் எடுக்கவில்லை' என்ற கேள்வியோ, மற்றக் கல்லூரிகள் எடுத்துவிட்டன என்ற பெருமையோ வேண்டாம். நன்றி சொல்லி முடிக்க வேண்டும்.

அனுப்பிவிட்டால் அத்தோடு விடுங்கள். வாராவாரம் மெயில், பரிசுப் பொருள், வீடியோ, அந்தக் கல்லூரியில் படித்த யாரோ தெரிந்தவரின் சிபாரிசுக் கடிதம், இதெல்லாம் எரிச்சலைத்தான் வரவழைக்கும்.

படி 6: பள்ளியும் மார்க்கும்

பள்ளிக் கவுன்சிலரிடம் பிள்ளை நேரில் போய், 'இந்தக் கல்லூரிதான் என் முதல் விருப்பம், இடம் கிடைத்தால் சேருவேன்' என்று சொல்ல வேண்டும். கல்லூரி கவுன்சிலரைத் தொடர்புகொண்டால் அவரும் அதையே சொல்வார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கவுன்சிலர் என்று தனியாக ஒருவர் இல்லாமல், பிரின்சிபாலோ கணக்கு ஆசிரியரோ அந்தப் படிவங்களை அனுப்பியிருப்பார். அவரிடம் ஒரு சின்னக் கடிதம் கேட்கலாம். கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்றால் மட்டும்.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. 2025-இல் மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் 2 முடிவு மே 8 அன்றும், சி.பி.எஸ்.இ. முடிவு மே 13 அன்றும் வந்தன. வெயிட்லிஸ்ட் நகரத் தொடங்குவதும் சரியாக அந்த வாரங்களில்தான். பள்ளி முன்னதாக அனுப்பிய உத்தேச மார்க்கை விட உண்மையான மார்க் நன்றாக இருந்தால், அன்றைக்கே போர்ட்டலில் ஏற்றுங்கள். ஏப்ரல் கடிதத்துக்குப் பிறகு இன்னொரு செய்தி அனுப்ப இது ஒன்றே போதுமான காரணம்.

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளுக்கு மே முதல் இரண்டு வாரம் ஏ.பி. என்ற கல்லூரி நிலைப் பாடங்களின் தேர்வுகள். இடம் கிடைத்துவிட்டது என்று கடைசி செமஸ்டரைக் கைவிட்டவர்களின் இறுதி மார்க்கைப் பார்த்து, கொடுத்த இடத்தையே கல்லூரிகள் திரும்ப எடுத்ததுண்டு.

படி 7: மே மாதத்தில் போன் பக்கத்தில் இருக்கட்டும்

மே 1 தாண்டியதும் கல்லூரிகள் தலையை எண்ணும். ஆள் குறைந்தால் சில நாட்களிலேயே அழைப்புகள் போகும். அது ஒரு சங்கிலி. மேலே உள்ள ஒரு கல்லூரி 40 பேரை எடுத்தால், அந்த 40 பேர் டெபாசிட் கட்டிய கல்லூரிகளில் இடம் காலியாகும். அவை தங்கள் பட்டியலைத் திறக்கும். இப்படியே ஜூன், ஜூலை வரை அலை இறங்கிக்கொண்டே இருக்கும். 2024-இல் எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. படிவம் தாமதமானதால் பல கல்லூரிகள் மே 1 கெடுவையே தள்ளிவைத்தன. அந்த வருடம் எல்லாமே பிந்தியது.

சில கல்லூரிகள் முதலில் போன் செய்து, 'இடம் கொடுத்தால் வருவாயா?' என்று கேட்கும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 4 மணி என்றால் சென்னையில் நள்ளிரவு தாண்டி 1:30. விண்ணப்பத்தில் கொடுத்த எண் இன்னும் அதே எண்தானா என்று பாருங்கள். மெயிலில் ஸ்பாம் பெட்டியையும் போர்ட்டலையும் நாளுக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

இந்தியாவில் இருப்பவர்கள் உள்ளூர் வழிகளை மூடிவிட வேண்டாம். மே மாதம் பொறியியல் கவுன்சலிங் பதிவு தொடங்கிவிடும். பதிவு செய்து வையுங்கள்.

படி 8: அழைப்பு வந்துவிட்டது

பதில் சொல்ல ஒரு வாரம் தரலாம், சில சமயம் இரண்டு மூன்று நாள்தான். கட்டண விவரமும் உதவித்தொகைக் கடிதமும் எழுத்தில் வராமல் சரி சொல்லாதீர்கள். பணக் கணக்கு இன்னும் வரவில்லை, இரண்டு நாள் கூடுதலாக வேண்டும் என்று பணிவாகக் கேட்கலாம். விடுதியில் இடம் உறுதியா என்பதையும் கேளுங்கள். சம்மதம் சொன்ன அன்றே பழைய கல்லூரிக்கு விலகல் கடிதம் அனுப்ப வேண்டும்; மற்றப் பட்டியல்களிலிருந்தும் பெயரை எடுத்துவிட வேண்டும்.

சில சமயம் அழைப்பு வேறு உருவத்தில் வரும். மிடில்பரி கல்லூரியில் பிப்ரவரியில் சேரும் தனி அணியே இருக்கிறது. கார்னெல், ஒரு வருடம் வேறு இடத்தில் படித்துவிட்டு வா, குறிப்பிட்ட மார்க் எடுத்தால் இடம் உண்டு என்று சிலருக்குச் சொல்லும். ஹார்வர்ட் சிறு எண்ணிக்கையில் சிலரை ஒரு வருடம் கழித்து வரச் சொல்லும். இவற்றுக்கு ஆம் சொல்லும் முன், இடைப்பட்ட காலத்தில் பிள்ளை என்ன செய்யும், எவ்வளவு செலவாகும் என்று எழுதிப் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு விசாதான் பெரிய வேலை. மாணவர் விசாவுக்காகப் பழைய கல்லூரி தந்த ஐ-20 படிவத்தை வைத்து ஏற்கனவே விசா நேர்காணலுக்கு நேரம் வாங்கியிருப்பீர்கள். அதை வெயிட்லிஸ்ட்டுக்காக நிறுத்தி வைத்திருக்கக் கூடாது. 2025 மே கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய நேரம் கொடுப்பதை அமெரிக்கா நிறுத்தியது, ஜூன் நடுவில்தான் மறுபடி தொடங்கியது. அப்போது காத்திருந்தவர்கள் மிகவும் சிரமப்பட்டார்கள். புதிய கல்லூரி புதிய ஐ-20 தரும், அதில் செவிஸ் எண்ணும் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுப் பதிவேட்டின் எண்) மாறும். ஏற்கனவே கட்டிய 350 டாலர் செவிஸ் கட்டணத்தைப் புதிய எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. விசா கையில் வந்த பிறகு கல்லூரி மாறினால், விசாவில் பழைய கல்லூரியின் பெயர் அச்சாகியிருக்கும். புதிய கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுத் தெளிவாகும்வரை விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

படி 9: அழைப்பு வரவில்லை

பல கல்லூரிகள் பட்டியலை மூடியதும் மெயில் அனுப்பும். ஜூன் முடிவிலோ ஜூலையிலோ வரும். காத்திருக்க முடியவில்லை என்றால் அதற்கு முன்னாலேயே விலகலாம். ஜூன் 15, ஜூலை 1 என்று நீங்களே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அதோடு நிறுத்திவிடலாம். உறவினர்கள் கேட்டால் டெபாசிட் கட்டிய கல்லூரியின் பெயரை மட்டும் சொல்லுங்கள். வெயிட்லிஸ்ட் கதையைச் சொன்னால் ஒவ்வொரு கல்யாணத்திலும் பிள்ளை அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த வருடம் டிரான்ஸ்ஃபர் ஆகலாமே என்று யாராவது சொல்வார்கள். அந்த வழி உண்டு, பல கல்லூரிகளில் அதற்கான விண்ணப்பக் கெடு மார்ச் மாதத்தில் வரும். ஆனால் அதை ஆகஸ்டில் பேச வேண்டாம். முதல் செமஸ்டர் முடிந்து, டிசம்பரில் பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு, அவர்களாகவே அந்தப் பேச்சை எடுத்தால் அப்போது உட்கார்ந்து பார்க்கலாம்.

எங்களுக்கு மூடிய செய்தி ஜூன் கடைசியில் வந்தது. என் மகள் அப்போது தன் ரூம்மேட்டோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள், அறைக்குச் சின்ன ஃப்ரிட்ஜை யார் கொண்டுவருவது என்று. மெயிலைப் படித்தாள், எனக்கு ஃபார்வர்ட் செய்தாள், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.